ஆரியங்காவு வழியே: ஒரு பயணத் திட்டத்தின் குறிப்புகள்

வருகிற சீசனில் நாங்கள் நண்பர்கள் சிலர் இரண்டு காரில் ஒரு பயணம் போவதாக இருக்கிறோம். குற்றாலம் போய்க் குளித்து, பரோட்டா தின்று, மறுநாள் திரும்புகிற வழக்கமான பயணம் இல்லை. பாளையங்கோட்டையில் ஆரம்பித்து தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலையைக் கடந்து கொல்லத்தில் முடிப்பதாகத் திட்டம். மொத்தமே 150 கிலோமீட்டர்தான் இருக்கும். வேகமாக ஓட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொல்லம் போய்விடலாம். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம். காரணம், இந்த வழியில் இருநூறு வருஷங்களுக்கு முன்னால் போன சில பேரின் தடத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்காக ஆறு மாசமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் "எங்கே சாப்பாடு, எங்கே தங்கல்" என்று கேட்ட நண்பர்களுக்கு நான் அனுப்பியதெல்லாம் பழைய வரைபடங்கள். அவர்கள் பொறுமைக்கு நன்றி. சேர்த்த குறிப்புகளை ஓர் ஒழுங்கில் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். வேலை வைத்தியம், பைத்தியம் தாவரங்கள் மேல். அந்தக் காலத்தில் வைத்தியமும் தாவரவியலும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம் இல்லை, உடன்பிறப்பு. மருந்து செடியிலிருந்துதான் வந்தது. மூன்று வருஷ விடுப்பில் ஊருக்குப் போனபோது, வாக்கர் ஆர்னாட் என்கிற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி 1834இல் வெளியிட்டார். அதே வருஷம் இந்தியா திரும்பினார். அவருக்குக் கிடைத்த பணியிடம் பெல்லாரியில் இருந்த ஒரு சிப்பாய்ப் படைப்பிரிவு. அந்தப் படைப்பிரிவுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. மாற்றல் என்றால் ரயில் டிக்கெட் போடுகிற காலமா அது? படை நடந்தது. ஏறக்குறைய 700 மைல். வைட் அந்தப் படையோடு வந்தபடியே வழியெல்லாம் செடிகளைச் சேகரித்தார்.

பாளையங்கோட்டையில் இருந்தவருக்குக் குற்றாலம் எட்டிப் பிடிக்கிற தூரம். கம்பெனி அதிகாரிகள் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து பங்களாக்களில் தங்குவது அப்போதே வழக்கம். வைட் 1835-36 வாக்கில் இங்கே வந்து சேகரித்தார். குற்றாலத்தின் தாவரங்களைப் பற்றி மதராஸிலிருந்து வெளிவந்த ஒரு இலக்கிய, அறிவியல் இதழில் எழுதவும் செய்தார். பிறகு 1838 தொடங்கி 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'ஐகோன்ஸ்' நூலில் 2,101 படங்கள். அதில் செடி கிடைத்த இடமாகக் 'கோர்ட்டாலம்' என்று திரும்பத் திரும்ப வரும். நம்ம குற்றாலம்தான்.

இதுவரைக்கும் நன்றாக இருக்கிறதா? சிக்கல் இனிமேல்தான்.

நான் சாஃப்ட்வேர் ஆள். எனக்கு ஒரு வழி என்றால் புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, முடிந்தால் தேதி. வைட் சேகரித்த உலர்செடித் தாள்கள் எடின்பரோவிலும் கியூவிலும் இருக்கின்றன. அவற்றில் நிறையப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டே 190 வருஷத்துக்கு முன் குற்றால மலையில் பறித்த இலையின் நரம்பை ஜூம் பண்ணிப் பார்க்கலாம். ஆனால் தாளில் இருக்கிற இடக்குறிப்பு? பல தாள்களில் ஒரே ஒரு சொல், 'கோர்ட்டாலம்'. அவ்வளவுதான். எந்த அருவிக்கு மேலே, எந்த ஓடைக்கரையில், எவ்வளவு உயரத்தில் என்று எதுவும் இல்லை. அந்தச் சொல்லை இன்றைய டிஜிட்டல் வரைபடத்தில் தேடச் சொன்னால் புள்ளி போய் ஊருக்குள், கடைத்தெருவை ஒட்டி விழுகிறது. சிப்ஸ் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் நடுவில் ஓர் அரிய செடி வளர்ந்த மாதிரி.

குற்றாலம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று புரியும். பேரருவி விழுகிற இடம் ஊரோடு ஒட்டியது. அதற்கு மேலே ஏறினால் செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி. சிற்றாறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. இந்தப் பக்கம் ஐந்தருவி, பழத்தோட்ட அருவி, புலியருவி. தெற்கே தள்ளிப் பழைய குற்றாலம். சமவெளியில் முள்மரமும் பனையும். ஒரு மணி நேரம் ஏறினால் வேறு காடு, இன்னும் ஏறினால் முற்றிலும் வேறு காடு. இதெல்லாம் சேர்ந்து ஒரே சொல், 'கோர்ட்டாலம்'.

சரி, வைட்டைக் குற்றாலம் வரை வைத்துக்கொள்வோம். அதற்கு மேற்கே யாரைப் பிடிப்பது? அங்கே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: வார்ட், கானர். மதராஸ் ராணுவத்தின் லெப்டினன்ட்கள். 1816இலிருந்து 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை முழுக்க அளந்தவர்கள். அப்போது ஜான் மன்றோ அங்கே ரெசிடெண்ட். இவர்கள் வரைந்தது வரைபடம் மட்டும் இல்லை. கூடவே ஒரு நீண்ட விவர அறிக்கை: ஊர்கள், ஆறுகள், மலைகள், கணவாய்கள், என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள் என்று. அது திருவனந்தபுரத்தில் அச்சானது 1863இல். எழுதி முடித்து நாற்பது வருஷத்துக்கு மேலே ஃபைலில் தூங்கியிருக்கிறது. அரசாங்க அறிக்கைகளின் தலைவிதி எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போல.

இதைக் கவனியுங்கள். குற்றாலமும் தென்காசியும் கம்பெனியின் திருநெல்வேலி ஜில்லா. தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கிற செங்கோட்டை திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு நிற்கிற வளைவு இன்றைக்கும் இருக்கிறது. ஆக, வைட் திரிந்த காடும் வார்ட், கானர் அளந்த காடும் ஒரே மலை, ஆனால் வேறு வேறு ராஜ்யங்களின் ஆவணக் கட்டுகளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்றால் நாம்தான் தைக்கவேண்டும்.

சர்வேயர்களின் 'வழி' என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் வேலை செய்கிற முறை நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போவது இல்லை. சமதரையில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்துத் துல்லியமாக அளப்பார்கள். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரிகிற ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுக்கத் தெரிந்துவிடும், இது பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்தக் குன்றிலிருந்து அடுத்த குன்று, அங்கிருந்து அடுத்தது. லாம்டன் இப்படித்தான் மதராஸில் ஆரம்பித்துத் தீபகற்பம் முழுக்க முக்கோண வலை போட்டார். அவருடைய பெரிய வில்லின் தென்முனை கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வலைதான் பிறகு வந்த எல்லா சர்வேக்கும் எலும்புக்கூடு. ஆகவே சர்வேயர் தேடுவது உச்சிகளை, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களை. வண்டிக்காரன் தேடுவது அதற்கு நேர் எதிரானதை, மலை எங்கே தாழ்கிறது என்பதை. அவர்கள் நின்ற இடங்களை வரிசையாகக் கோர்த்தால் அதில் கார் போகாது. ஆடு போகலாம்.

அப்படியானால் அவர்கள் மலையைக் கடக்கிற வழி என்று எழுதிக்கொண்டது எதை? கீழே ஏற்கெனவே இருந்த வழியை. இங்கே வந்ததும் என் திட்டத்தின் கேள்வியே மாறிவிட்டது. 'ஆய்வுப் பயணிகள் எந்த வழியில் போனார்கள்' என்பதைவிட, 'அவர்கள் போவதற்கு ஒரு வழி இருந்ததே, அதைப் போட்டது யார்' என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம்.

ஆரியங்காவு கணவாய் மேற்குத்தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே விழுந்த ஒரு தாழ்வு. தென்காசியிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி நிற்கிற மலை, செங்கோட்டைக்கு மேலே கொஞ்சம் குனிந்து கொடுப்பது கண்ணுக்கே தெரியும். அந்தக் குனிவு வழியாகத்தான் ஜூன் மாசத்தில் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறது. மலை முழு உயரத்தில் நின்றிருந்தால் மழை மொத்தமும் கேரளத்திலேயே கொட்டித் தீர்ந்திருக்கும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் காற்று மட்டும் அடித்துத் தூசி பறக்கிற அதே நாளில், குற்றாலத்தில் வெயிலும் சாரலும் மாறி மாறி வருவதற்கு இந்தக் குனிவு ஒரு காரணம். அருவியும் அதனால்தான், வைட்டின் செடிகளும் அதனால்தான், காற்றாலைகளும் அதனால்தான். வழியும் அதனால்தான்.

அந்த வழியில் நடந்தவர்களுக்கு ஆவணம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சர்வே அலுவலகத்தில் இல்லை. கோயிலில் இருக்கிறது.

ஆரியங்காவு சாஸ்தா கோயிலின் கதையைக் கேட்டிருப்பீர்கள். மதுரையைச் சேர்ந்த ஒரு சௌராஷ்டிர நெசவு வியாபாரி, திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி விற்கப் போகிறார். கூடவே மகள் புஷ்கலை. ஆரியங்காவு வந்ததும், இதற்கு மேலே காடு பொல்லாதது என்று மகளைக் கோயில் மேல்சாந்தி வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் போகிறார். காட்டில் யானை துரத்துகிறது. ஒரு வேட்டைக்கார இளைஞன் காப்பாற்றுகிறான். பதிலுக்கு உங்கள் மகளைத் தாருங்கள் என்கிறான். திரும்பி வந்து பார்த்தால் கோயிலுக்குள் நிற்கிற சாஸ்தாதான் அந்த இளைஞன், புஷ்கலை அவனோடு கலந்துவிட்டாள். இன்றைக்கும் ஒவ்வொரு மார்கழியிலும் ஆரியங்காவில் திருக்கல்யாணம் நடக்கிறது. மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டார் என்கிற உரிமையோடு வருகிறார்கள். கோயிலும் அவர்களைச் சம்பந்தி மரியாதையோடு வரவேற்கிறது.

பக்தர்களுக்கு இது ஐயப்பன் கதை. அதை அப்படியே மதிக்கிறேன். ஆனால் வழியைத் தேடுகிறவன் காதில் இதே கதை ஒரு வணிகக் குறிப்பாகவும் விழுகிறது. என்ன சரக்கு? துணி. எங்கிருந்து? மதுரை. எங்கே? மலைக்கு அந்தப் பக்கம் அரண்மனைக்கு. எங்கே தங்கல்? ஆரியங்காவில், கோயிலை ஒட்டி. எந்தப் பகுதி ஆபத்து? ஆரியங்காவுக்கு மேற்கே. என்ன ஆபத்து? யானை. ஒரு ரூட் மேப்புக்கு வேறென்ன வேண்டும்! காலத்தைக்கூட ஓரளவு சொல்லலாம். சௌராஷ்டிர நெசவாளர்கள் மதுரையில் பெரிய அளவில் வேரூன்றியது நாயக்கர் காலத்தில். கதையின் இந்த அடுக்கு அதற்கு முன்னால் போக வாய்ப்பில்லை. கோயிலும் வழியும் அதைவிடப் பழையதாக இருக்கலாம், ஆனால் துணி வியாபாரி கதைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. எப்படிப் பார்த்தாலும் லெப்டினன்ட் வார்டு சங்கிலியோடு வருகிற காலத்துக்குள் இந்த வழியில் மதுரைத் துணி நன்றாகவே பழகியிருந்திருக்கும்.

இன்னொரு ஆவணம் இதைவிட எனக்குப் பிடித்தது. அச்சன்கோவில் சாஸ்தாவின் திருவாபரணப் பெட்டி. அச்சன்கோவில் கேரளத்தில், கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. நகைகள் இருப்பது புனலூரில், அதுவும் கொல்லம் மாவட்டம். ஆனால் மார்கழித் திருவிழாவுக்கு அந்தப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து, செங்கோட்டை, தென்காசி வந்து, தென்காசி காசி விசுவநாதர் கோயில் முன்னால் வரவேற்பு வாங்கிக்கொண்டு, பண்பொழி, மேக்கரை வழியாகத் திரும்பவும் மலையேறி அச்சன்கோவில் போகிறது. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு தடவை தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுகிறது. கூகுளிடம் கேட்டால் இதைச் சுற்றுவழி என்பான். 1956 கோட்டை மனசிலிருந்து அழித்துவிட்டுப் பார்த்தால் இதுதான் நேர்வழி. புனலூரும் செங்கோட்டையும் அச்சன்கோவிலும் ஒரே ராஜ்யம், தென்காசி மட்டும் நடுவில் அடுத்த வீட்டுத் திண்ணை.

இப்போது பெட்டி வண்டியில்தான் வருகிறது. போலீஸ் காவலும் உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் அந்தப் பழைய வழியை விடாமல் 'ரன்' பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா? எங்கள் தொழிலில் சொல்வோம், ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு ஆவணம் தேவையில்லை, அதுவே ஆவணம் என்று.

மலைக்குள்ளே இருந்தவர்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செடியை வைட் கையால் பறித்ததாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். படைப்பிரிவு மருத்துவர் ஒருவர் ஒரு சாரல் காலத்தில் வந்து, எந்த ஓடைக்கரையில் எது பூக்கும் என்று தானாகவே எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊர்க்காரர்கள் காட்டாமல் நடக்காது. அதற்குச் சாட்சி சில நேரம் லத்தீன் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும் வளர்கிற ஒரு பனை இருக்கிறது, பாறைச் சரிவுகளில் நிற்கும். அதன் அறிவியல் பெயர் பென்டிங்கியா கொண்டபன்னா. முன்பாதி மதராஸ் கவர்னராக இருந்த பென்டிங்க் பிரபு. பின்பாதியின் கடைசியில் வருகிற 'பன்னா' வேறொன்றுமில்லை, நம் பனைதான். கவர்னர் அந்த மரத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அவர் பெயர் முன்னால் நிற்கிறது. பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்த ஆளின் பெயர் இல்லை, அவர் சொன்ன சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வைட்டுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே மலபாரில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. டச்சு அதிகாரி வான் ரீடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்ட 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் முதல் தொகுதியிலேயே, தகவல் தந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் சான்றுரை அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் உண்டு. யார் சொன்னார் என்று பதிவு செய்யத் தெரியாத காலம் இல்லை அது.

வைட்டை மொத்தமாகக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய ஓவியர்கள் பெயர் நமக்குத் தெரியும்: முதலில் ரங்கையா, 1845 வாக்கிலிருந்து கோவிந்து. அந்தக் காலக் கம்பெனி ஓவியங்களில் முக்கால்வாசி 'உள்ளூர் ஓவியர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். இவர்கள் பெயர் படங்களிலேயே இருக்கிறது. அதோடு நிற்காமல் 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார் வைட். பிற்காலத்தில் வகைப்பாடு மாறி அந்தப் பேரினம் வேறொன்றோடு இணைந்துபோனது, அது வேறு கதை. ஓவியருக்குக் கிடைத்தது மலையில் வழிகாட்டினவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். படம் வரைகிறவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், வழிகாட்டுகிறவர் காட்டோடு நின்றுவிடுகிறார், இதுதான் காரணமாக இருக்கும்.

அந்த வழிகாட்டியின் குரல் கொஞ்சமாவது வேறு எங்காவது கேட்கிறதா என்று தேடினால், எனக்குக் கிடைத்தது குற்றாலக் குறவஞ்சிதான். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்குக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அதில் சிங்கி தன் மலையின் வளத்தை வரிசையாகச் சொல்லுகிறாள், தான் குறி சொல்லிப் பரிசு வாங்கிய ஊர்களைச் சொல்லுகிறாள். கவிராயர் குறவர் இல்லை, சிங்கியும் அவர் படைத்த பாத்திரம்தான். அதை இனவரைவியல் ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வைட் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேலே முன்னாடி, 'இந்த மலை எனக்குத் தெரியும், பல நாடு நடந்து பார்த்தவள் நான்' என்று பேசுகிற ஒரு பெண்ணை ஊர்க்காரர்கள் நம்பும்படியாக மேடையேற்ற முடிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெண்களை அவர்கள் தெருவில் பார்த்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

சரி, திட்டத்துக்கு வருகிறேன். நண்பர்கள் இதுவரை படித்திருந்தால் அவர்களுக்கான பகுதி இதுதான்.

பாளையங்கோட்டையிலிருந்து காலையிலேயே கிளம்பி தென்காசி. கோயிலை முதலில் பார்ப்போம். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிக் கட்டியது. இப்போது நிற்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் முடிந்தது, வைட் பார்த்த வானவரை இது இல்லை. கோபுரத்துக்குக் கீழே நிற்கும்போது காற்று உடம்பைத் தள்ளும், அதுதான் கணவாய்க் காற்று. மேலே சொன்ன குனிவை அங்கேயே உடம்பால் தெரிந்துகொள்ளலாம். தனக்குப் பின்னால் வந்து இந்தக் கோயிலைப் பராமரிக்கப் போகிறவர்களின் பாதத்தில் விழுகிறேன் என்று ஒரு ராஜா கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. அதையும் காட்டுகிறேன்.

குற்றாலத்தில் இரண்டு இரவு. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் போக முடியாது, வனத்துறை பொதுமக்களை விடுவதில்லை. சித்ரா பௌர்ணமியை ஒட்டிச் செண்பகாதேவி அம்மன் கோயில் விழாவுக்கு மட்டும் அனுமதி உண்டு. எனக்கு இதில் வருத்தம் இல்லை. வைட்டின் செடிகளில் மிச்சம் இருப்பவை அங்கேதான் இருக்கும், நம் கால் படாமல் இருக்கட்டும். பேரருவி, ஐந்தருவி, சித்திர சபை போதும். பழைய குற்றாலத்தில் தண்ணீர் நிறம் மாறினால் யாரும் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. 2024 மே மாதம் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் போன இடம் அது. மலை மேலே பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. போலீஸ் தடுத்தால் பேரம் பேசாமல் திரும்பி வருவோம்.

கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் இருக்கும் காலம். இவை நம்ம ஊர் மரங்கள் இல்லை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து இந்த மலையில் வாழ்வு கண்டவை. கம்பெனி காலத்தில் ஜாதிக்காய், கிராம்பு மாதிரியான மணப்பயிர்களைக் குற்றாலத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மலுக்குத் தீவுகளில் டச்சுக்காரர்கள் கையிலிருந்த வியாபாரத்தை உடைக்க இந்தச் சாரல் உதவுமா என்ற கணக்கு. எனவே பழம் வாங்கித் தின்பதும் ஆய்வுதான்.

மூன்றாம் நாள் மலை. செங்கோட்டை வளைவில் ஐந்து நிமிஷம். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், மாநில எல்லை. கோட்டை என்று கண்ணுக்கு எடுப்பாக எதுவும் இல்லாவிட்டாலும் பெயர் காவல் காக்கிறது. அங்கே கருப்பசாமி கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த ஏற்றத்தில் கல்லும் மணலும் ஏற்றின லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும், அவசரப்பட்டு முந்த வேண்டாம். அன்றைக்கு மதுரைத் துணி போன வழியில் இன்றைக்குத் தமிழ்நாட்டு மலைகளே பொடியாகிப் போய்க்கொண்டிருக்கின்றன. நூறு வருஷம் கழித்து இதை என்ன கதையாகச் சொல்வார்கள் என்று தெரியவில்லை, சாஸ்தா எந்த வேஷத்தில் வந்து யாரைக் காப்பாற்றுவார் என்றும் தெரியவில்லை.

ஆரியங்காவு கோயிலில் இறங்குகிறோம். கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். அப்புறம் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம், சாலையிலிருந்தே தெரியும். 1904இல் இந்த மலை வழியாக ரயில் வந்தபோது கட்டியது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை முழுமையாகத் திறந்தது 2018இல். அந்தப் பாலமும் பெரும்பாலும் பழைய தடத்தைத்தான் பின்பற்றுகிறது: துணி வியாபாரி, பெட்டி சுமந்தவர்கள், சர்வேயர், மாட்டுவண்டி, ரயில், லாரி, எல்லோருக்கும் மலை கொடுத்தது ஒரே ஒரு வாசல். புனலூரில் கல்லடையாற்றின் மேல் தொங்குபாலம் பார்த்துவிட்டுப் போகலாம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டியது, 1877இல் முடிந்தது. இப்போது நடந்து போக மட்டும்தான். இஞ்சினியர்கள் நம் கூட்டத்தில் மூன்று பேர் இருப்பதால் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

கொல்லத்தில் சாயங்காலம் கடற்கரை. துணி மூட்டை இறங்கிய பக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கருத்து தேவை. சீசன் என்றால் ஜூன், ஜூலை. அருவி இருக்கும், செடிகள் இருக்கும். ஆனால் ஆபரணப் பெட்டியும் ஆரியங்காவுக் கல்யாணமும் மார்கழியில், டிசம்பர் நடுவில் தொடங்கி. அருவியில் தண்ணீர் எப்படியிருக்கும் என்பது வடகிழக்குப் பருவமழையின் கையில், ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம். நான் டிசம்பருக்கு ஓட்டுப் போடுகிறேன். வைட் போன மாசத்தில் போவதைவிடப் பெட்டி போகிற நாளில் போகலாம் என்று தோன்றுகிறது. பெட்டி தென்காசி வந்து சேர்கிற நாளில் கோயில் வாசலில் நின்றுவிட்டு, அதன் பின்னாலேயே பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவில் வரை போய், மறுநாள் ஆரியங்காவு வழியாகக் கொல்லம் இறங்கலாம். தூரம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். லீவு போட வேண்டியவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.